ஹெப்பாடைட்டிஸ் பி மாத்திரையை நிறுத்தலாமா? – பதில்

டெல்லி முனிர்க்கா சகோதரிக்கு, வணக்கம். உங்கள் கணவர் ஹெப்பாடைட்டிஸ் பி என்ற கல்லீரல் வைரஸ் தொற்றுக்கு மூன்று வருடமாக டெனோஃபோவிர் மாத்திரை சாப்பிடுகிறார், இப்போது ரத்தத்தில் வைரஸ் தென்படவில்லை, பக்கத்து வீட்டுக்காரர் பன்னிரண்டு வாரத்தில் குணமானது போல இவரும் நிறுத்தலாமா என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து டாக்டரைக் கேட்காமல் நிறுத்த வேண்டாம். என் சித்தப்பா அப்படித் தானாக நிறுத்தி, நான்கே மாதத்தில் கடும் மஞ்சள் காமாலையோடு படுத்தார். அந்த நாட்களை இன்னும் மறக்க முடியவில்லை.

பக்கத்து வீட்டுக்காரருக்கு இருந்தது அநேகமாக ஹெப்பாடைட்டிஸ் சி. அது செல்லின் உட்கருவுக்குள் போவதில்லை, அதனால் மாத்திரையால் முழுதாக ஒழிக்க முடிகிறது. பி அப்படியல்ல. கல்லீரல் செல்லின் உட்கருவுக்குள் வட்ட வடிவ டிஎன்ஏவாகப் பதுங்கிக்கொள்ளும். டெனோஃபோவிர் வைரஸ் பெருகுவதைத்தான் தடுக்கும், அந்த வட்டத்தை அழிக்காது. அதை அழிக்கவோ முடக்கவோதான் உலகம் முழுக்க ஆராய்ச்சி நடக்கிறது.

அடுத்த முறை டாக்டரிடம், 'ஹெச்பிஎஸ்ஏஜி நெகட்டிவ் ஆகிவிட்டதா?' என்று கேளுங்கள். ரத்தத்தில் வைரஸின் மேலுறைப் புரதம் இருக்கிறதா என்று பார்க்கும் பரிசோதனை அது. நிறுத்துவதைப் பற்றிய பேச்சில் முக்கியமான கேள்வி அதுதான். ஆறு மாதத்துக்கு ஒருமுறை கல்லீரல் ஸ்கேன் தேவையா என்பதையும் கேளுங்கள்.

செலவுதான் கவலை என்றால், 2018-ல் தொடங்கிய தேசிய வைரல் ஹெப்பாடைட்டிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் மருந்து இலவசம். உங்களுக்கு அருகில் வசந்த் குஞ்சில் ஐஎல்பிஎஸ் என்ற கல்லீரல் மருத்துவமனை இருக்கிறது, அங்கே விசாரிக்கலாம்.

அப்புறம், நீங்களும் பிள்ளைகளும் பரிசோதனை செய்துகொண்டீர்களா? தொற்று இல்லையென்றால் தடுப்பூசி போட்டுவிடுங்கள். ஒரே தட்டில் சாப்பிட்டால் இது பரவாது, அவரைத் தனியாக உட்கார வைக்காதீர்கள்.