சுவரொட்டியின் எழுத்து – கடிதம்

அன்புள்ள ஐயா,

திரைப்படச் சுவரொட்டி வடிவமைப்பை நானே பழகி வருகிறேன். அமெரிக்க வடிவமைப்பாளர் சால் பாஸின் சுவரொட்டிகளில் ஒற்றை உருவத்திலேயே படத்தின் சாரம் வந்துவிடுகிறது. நம்மூரில் நாயகனின் முகத்தைத் தவிர வேறொன்றும் இருந்ததில்லை. வடிவமைப்பு என்பதே இங்கே கிடையாது என்று தோன்றுகிறது. இன்ன உணர்ச்சிக்கு இன்ன நிறம் என்று விதி ஏதும் உண்டா? கூட்டத்தை இழுப்பதும் படத்தின் கருவைச் சொல்வதும் ஒரே சுவரொட்டியில் சாத்தியமா? வற்றிப்போன ஓர் ஏரியைப் பற்றி நண்பர் எடுத்த குறும்படத்துக்கு நான் செய்த சுவரொட்டியை இணைத்திருக்கிறேன்.

க., ஈரோடு

அன்புள்ள க.,

உங்கள் கடிதம் வந்த வாரத்தில்தான் எங்கள் ஊரில் நெடுநாளாக மூடிக்கிடந்த திரையரங்கின் சுற்றுச்சுவரை இடித்தார்கள். ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டப்பட்டு, மைதாப் பசையில் இறுகிப்போன சுவரொட்டிகள் அட்டை அட்டையாகப் பெயர்ந்து விழுந்தன. ஒரு துண்டைக் கையில் எடுத்துப் பார்த்தேன். முகம் எதுவும் மிஞ்சவில்லை. மஞ்சள் விளிம்பிட்ட சிவப்பில் ஒரு ழகரம் மட்டும் முழுதாக இருந்தது. அதை வீட்டுக்கு எடுத்துவந்து மேசைமேல் வைத்திருக்கிறேன். அதைப் பார்த்துக்கொண்டேதான் இந்தப் பதிலை எழுதுகிறேன்.

நிறத்துக்கு விதி கேட்டிருக்கிறீர்கள். அப்படி ஒன்றும் இல்லை. கல்யாணத்துக்கும் கொலைக்கும் நாம் சிவப்பைத்தான் பூசிவந்திருக்கிறோம். பக்கத்தில் என்ன நிறம் நிற்கிறது என்பதே பொருளைத் தீர்மானிக்கிறது. இதற்குமேல் அதில் நேரம் செலவிடாதீர்கள்.

ஆனால் ‘வடிவமைப்பு என்பதே இங்கே கிடையாது’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதை என்னால் சும்மா விட முடியாது. சால் பாஸை நீங்கள் சரியாகவே பார்க்கவில்லை என்பதுதான் என் முதல் வருத்தம். போதைக்கு அடிமையான ஒருவனைப் பற்றி ஆட்டோ பிரெமிங்கர் 1955இல் எடுத்த ‘தி மேன் வித் தி கோல்டன் ஆர்ம்’ படத்துக்கு அவர் செய்த முறுக்கிக்கொண்ட கரிய கையை உலகமே நினைவில் வைத்திருக்கிறது. அந்தக் கையைச் சுற்றியுள்ள வண்ணக் கட்டங்களுக்குள் ஃபிராங்க் சினாட்ராவும் கிம் நோவாக்கும் முகம் காட்டிக்கொண்டிருப்பதை நீங்கள் கவனிக்கவில்லை. நட்சத்திரத்தின் முகத்தை அவரும் விலக்கிவிடவில்லை. 1959இல் வந்த ‘அனாடமி ஆஃப் எ மர்டர்’ சுவரொட்டியில் வெட்டித் துண்டாக்கிய உடலை மட்டும் பார்த்திருப்பீர்கள். தலைப்பின் எழுத்துகள், கத்திரியால் நறுக்கியவைபோல ஏறியும் இறங்கியும், அந்த உடலின் மீதே அமர்ந்திருக்கின்றன. அச்சுக்கூடத்து எழுத்தை அங்கே வரிசையாக அடுக்கியிருந்தால் அது மருத்துவப் பாடநூலின் அட்டையாகியிருக்கும். எழுத்தும் உருவமும் ஒரே கை செய்தவை என்பதால்தான் அது சுவரொட்டியானது. வங்கத் திரைப்பட இயக்குநர் சத்யஜித் ராயும் அப்படித்தான், விளம்பர நிறுவனத்தில் ஓவியராகப் பணியாற்றிவிட்டுப் படமெடுக்க வந்தவர். தன் படங்களின் சுவரொட்டிகளையும் தலைப்பெழுத்துகளையும் தானே வரைந்தார்.

நம்மிடமும் அந்தக் கை இருந்தது. 1951 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது இந்தியாவில் எழுத்தறிந்தவர்கள் 18 விழுக்காட்டினர். சுவரொட்டியைப் பார்த்தவர்களில் பெரும்பாலோருக்குப் படிக்கத் தெரியாது. முகம் பெரிதாக இருந்ததன் காரணம் கற்பனை வறட்சி மட்டும்தான் என்று எண்ணாதீர்கள். எழுத்தையும் படமாக்க வேண்டிய கட்டாயம் அங்கிருந்துதான் வந்தது. சரித்திரப் படத்தின் தலைப்பு கல்லில் செதுக்கிய பாளம்போலத் தடித்து நிற்கும். பேய்ப் படத்தின் எழுத்து சொட்டும். கிராமத்துப் படத்தில் காய்ந்த தூரிகையின் கீறல் தெரியும். புள்ளி சில சமயம் பொட்டாகும், கால் வாளாகும். என் பாட்டிக்கு ஓர் எழுத்தும் தெரியாது. ஆயினும் சுவரைப் பார்த்த மாத்திரத்தில், “இது பயமுறுத்துற படம், புள்ளைங்கள அழைச்சிட்டுப் போகாதே” என்று சொல்லிவிடுவார். கல்லில் வரைந்து அதிலிருந்து தாளில் அச்சிட்ட கல்லச்சின் காலத்தில், ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு கல் என்று வைத்துக்கொண்டு, எழுத்தைக் கண்ணாடியில் தெரிவதுபோல இடவலம் மாற்றி வரைந்தார்கள். அந்த உழைப்பை ‘வேறொன்றும் இருந்ததில்லை’ என்ற ஒரு வரியில் நீங்கள் துடைத்துவிடக் கூடாது.

எங்கள் தெருவில் பேனர் வரைபவர் ஒருவர் இருந்தார். மாமா என்று அழைப்பேன். புகைப்படத்தின்மேல் பென்சிலால் கட்டம் போட்டு, அதே கட்டங்களைத் துணியில் பெரிதாக்கி, கட்டம் கட்டமாக முகத்தைக் கொண்டுவருவார். முகத்தை உதவியாளர்களிடம் விட்டாலும் விடுவார், தலைப்பை விடமாட்டார். சுண்ணக்கட்டியால் அதை எழுதி நிறுத்திவிட்டு, சாலைக்கு எதிரே இருந்த பேருந்து நிறுத்தத்துக்கு என்னை அனுப்புவார். “அங்க நின்னு படிடா, யோசிக்காம படி” என்பார். ஒருமுறை தலைப்பில் ஒரு ழகரம் வந்தது. நான் மகரமாகப் படித்துவிட்டேன். அதன் வால், கீழே இருந்த திரையரங்கின் பெயரோடு ஒட்டிக்கொண்டு மறைந்துபோயிருந்தது. அவர் கோபித்துக்கொள்ளவில்லை. முழுத் தலைப்பையும் ஈரத்துணியால் துடைத்துவிட்டு உட்கார்ந்தார். இரண்டாம் முறை எழுதியபோது அந்த வால் இடப்பக்கம் நீண்டு, வளைந்து, நாயகியின் கூந்தலுக்குள் போய் முடிந்தது. அது பிரிந்துபோகிறவர்களின் கதை. அந்த ஒரு வளைவில் கதை முழுவதும் இருந்தது என்று இன்றும் நினைக்கிறேன்.

தமிழில் பெயர் வைத்தால் கேளிக்கை வரி இல்லை என்று 2006இல் அரசு அறிவித்தபோது தலைப்புகள் தமிழுக்குத் திரும்பின. மகிழ்ந்தவர்களில் நானும் ஒருவன். ஆனால் சொல் திரும்பியதே தவிர எழுதும் கை திரும்பவில்லை. அதற்குள் அந்த வேலை கணினிக்குப் போயிருந்தது, பேனர் கூடங்களின் இடத்தை ஃபிளெக்ஸ் பிடித்திருந்தது. கணினியின்மேல் எனக்குப் பகையில்லை. அதிலும் கையால் எழுதலாம், எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். எழுதாமல் எடுத்து ஒட்டுவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

நீங்கள் அனுப்பியது அப்படித்தான் இருக்கிறது, தம்பி. வெடித்த நிலத்தின்மேல் தாடி வைத்த ஒரு முகம், தலைக்குமேல் பருந்து. தலைப்போ ஓர் ஓரத்தில், கல்யாணப் பத்திரிகைக்குப் பயன்படும் எழுத்துருவில் இருக்கிறது. நம்மூரில் முகத்தைத் தவிர ஒன்றுமில்லை என்று குறைப்பட்டவர் நீங்கள்தானே? உங்கள் தலைப்பில் ‘ஏரி’ என்ற சொல்லே இருக்கிறது. ஏகாரத்தின் அடியில் சரிந்து இறங்கும் கோட்டைப் பாருங்கள், அது கரையின் சரிவு. ‘ரி’யின் தலைமேல் வளையும் கோடு, அதாவது மேல்விலங்கு, மதகின் மேல் வளைவாக நிற்கக்கூடியது. இரண்டுக்கும் நடுவில் நீர் இருந்த இடத்தை வெறுமையாக விட்டாலே உங்கள் நண்பரின் படம் வந்துவிடும். அதைச் செய்யக்கூடிய கண் உங்களுக்கு இருக்கிறது. நிலத்தின் வெடிப்புகளை நீங்கள் அமைத்திருக்கும் விதத்தில் அதைக் கண்டேன். இல்லாவிட்டால் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன்.

முகத்தை எடுத்துவிடுங்கள். தலைப்பை மட்டும் கையால், கரியிலோ தூரிகையிலோ, முப்பது நாற்பது முறை எழுதிப் பாருங்கள். தேறியதைப் பெரிதாக அச்சிட்டுத் தெருவின் எதிர்ப்புறச் சுவரில் ஒட்டி, சைக்கிளில் போகும் ஒரு பையனை நிறுத்தாமலே படிக்கச் சொல்லுங்கள். அவன் எந்த எழுத்தில் தடுமாறினான் என்று குறித்துக்கொண்டு எனக்கு எழுதுங்கள்.