தாத்தாவின் வயல் கைக்கு வரும்போது கூடவே வருபவை

கேள்வி: தென்காசி மாவட்டத்தில் உள்ள எங்கள் கிராமத்தில் 4 ஏக்கர் 80 சென்ட் குளத்துப் பாசன நன்செய் இருக்கிறது. தாத்தாவும் அவருடைய தம்பியும் சேர்ந்து விலைக்கு வாங்கியது. பட்டாவும் இருவர் பெயரில் கூட்டாகவே இருக்கிறது. வாய்மொழியாகப் பாதிப் பாதி பிரித்துக்கொண்டார்கள். தாத்தா 1984இல் உயில் எழுதாமல் காலமானார். பாட்டி அவருக்கு முன்பே போய்விட்டார். அப்பா சென்ற ஆண்டு மறைந்தார். சித்தப்பா ஒருவர், அத்தைகள் இருவர் இருக்கிறார்கள். எங்கள் வீட்டில் அம்மா, நான், தங்கை. இரண்டு தலைமுறையாக ஒரே குடும்பம் நிலத்தை வாரத்துக்கு, அதாவது விளைச்சலில் பங்கு தரும் குத்தகைக்கு, பயிரிடுகிறது. நான் சென்னையில் வேலை பார்க்கிறேன், நிலத்தை விற்க மனமில்லை. பட்டாவை என் பெயருக்கு மாற்றுவது எப்படி? தகரப் பெட்டியில் இருக்கும் தாத்தாவின் பழைய காகிதங்களை வைத்திருக்க வேண்டுமா?

பதில்: ஒரு காகிதத்தைக்கூடப் போட்டுவிடாதீர்கள். பட்டா மாற்றத்துக்கு இப்போதே விண்ணப்பிக்கவும் வேண்டாம். அது கடைசியில் செய்ய வேண்டிய வேலை.

பட்டா என்பது வருவாய்த் துறையின் பதிவு. அதில் பெயர் இருப்பதாலேயே ஒருவர் நிலத்துக்கு உரிமையாளர் ஆகிவிடுவதில்லை என்று நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கின்றன. உரிமை, தாத்தா வாங்கிய கிரயப் பத்திரத்திலிருந்தும் அவருக்குப் பின் வந்த வாரிசுரிமையிலிருந்தும் வருகிறது. ஆகவே முதலில் உங்கள் பங்கு எவ்வளவு என்று பாருங்கள்.

நீங்கள் இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்கு உட்பட்டவர் என்றும், தாத்தா இறந்தபோது அவருடைய தாயார் உயிருடன் இல்லை என்றும் எடுத்துக்கொள்கிறேன். தாத்தாவின் பாதியான 2 ஏக்கர் 40 சென்ட் அவருடைய பிள்ளைகள் நால்வருக்கும் சமமாகச் சேரும். தலைக்கு 60 சென்ட். அப்பாவின் 60 சென்ட் அம்மா, நீங்கள், தங்கை மூவருக்கும் பொது. உங்களுக்கென்று சட்டப்படி உரியது 20 சென்ட்தான். "என் பெயருக்கு" என்று கேட்டிருக்கிறீர்கள். மற்றவர்கள் எழுதிக் கொடுத்தால் ஒழிய அந்த 20 சென்டுக்கு மேல் எதுவும் உங்கள் பெயருக்கு வராது.

அத்தைகளின் பங்கைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். "1989க்கு முன் கல்யாணமான பெண்ணுக்குப் பங்கு கிடையாது" என்று ஊரில் யாராவது உங்களிடம் சொல்வார்கள். அந்த 1989 தமிழ்நாட்டுத் திருத்தம் பூர்வீகக் கூட்டுக்குடும்பச் சொத்து பற்றியது. அதிலும் 2005 செப்டம்பர் 9 முதல் மத்தியத் திருத்தம் மகளுக்கு மகனுக்கு இணையான பிறப்புரிமை தந்துவிட்டது. அந்தத் தேதியில் தந்தை உயிருடன் இருந்திருக்கத் தேவையில்லை என்று உச்ச நீதிமன்றம் 2020 ஆகஸ்டில் தெளிவாக்கியது. உங்கள் தாத்தாவின் நிலமோ அவரே சம்பாதித்தது. அதில் மகள்களுக்கு 1956 முதலே சமபங்கு உண்டு. எப்போது கல்யாணம் ஆனது என்ற கேள்விக்கே இடமில்லை. சீர் செய்தாயிற்று, வளைகாப்பு செய்தாயிற்று என்று கணக்குச் சொல்லி, நல்ல நாளில் அழைத்து, ஒரு புடவையைக் கொடுத்து, பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கும் வழக்கம் இன்றும் இருக்கிறது. அது தவறு என்றே நான் நினைக்கிறேன். அத்தைகளிடம் பங்கின் மதிப்பை வெளிப்படையாகச் சொல்லிக் கேளுங்கள். அவர்களே மனமுவந்து விட்டுக்கொடுத்தால் விடுதலைப் பத்திரத்தைப் பதிவு செய்யுங்கள். இல்லையென்றால் பங்கைப் பிரித்துக் கொடுங்கள், அல்லது பணமாகக் கொடுங்கள்.

அடுத்தது சின்னத் தாத்தா வழியினர். வாய்மொழிப் பாகம் செல்லாதது அல்ல. ஆனால் உட்பிரிவு செய்து, அதாவது சர்வே எண்ணைத் துண்டாகப் பிரித்து, தனிப்பட்டா வாங்க அது உதவாது. இரண்டு வழி வாரிசுகளும் வட்டாட்சியரிடம் வாரிசுச் சான்றிதழ் பெற்று, எல்லோரும் சேர்ந்து ஒரே பாகப்பிரிவினைப் பத்திரம் எழுதிப் பதிவு செய்வதே நேரான வழி. அதற்கு முன் அ-பதிவேடு (கிராமத்து நிலங்களின் சர்வே எண்வாரிப் பதிவேடு), சிட்டா (பட்டாதாரர் வாரியான நில விவரம்), புல வரைபடம் மூன்றையும் எடுத்து, தரையில் இருக்கும் வரப்போடு ஒப்பிட்டுப் பாருங்கள். 1979இல் தொடங்கி 1987 வரை நடந்த நிலவுடைமை மேம்பாட்டுத் திட்டத்தில் பெயரும் பரப்பும் மாறிப்போன நிலங்கள் ஏராளம். ஒவ்வொரு வயலையும் மனப்பாடமாக அறிந்திருந்த பரம்பரைக் கர்ணங்களின் (கிராமக் கணக்கர்களின்) பதவி ஒழிந்ததும் அதே காலத்தில், 1980இல்தான். பிழை இருந்தால் பத்திரம் எழுதும் முன்பே திருத்தம் கேட்டு மனு கொடுங்கள். நிலத்தின் மீது பதிவான கிரயம், அடமானம் போன்றவற்றைக் காட்டும் வில்லங்கச் சான்றை 1975க்குப் பின் மட்டும் இணையத்தில் பார்த்துவிட்டு நிறுத்தாதீர்கள். அதற்கு முந்தைய ஆண்டுகளுக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் கையால் தேடச் சொல்லி விண்ணப்பிக்கலாம். அ-பதிவேட்டின் குறிப்புப் பகுதியையும் படியுங்கள். 1892 அரசாணையின் வழியில் பட்டியலின மக்களுக்கு நிபந்தனையோடு ஒப்படைக்கப்பட்ட பஞ்சமி நிலமாக இருந்தால், வேறு சமூகத்தார் வாங்கிய கிரயம் எத்தனை தலைமுறை ஆனாலும் நிற்காது. அப்படி ஒரு குறிப்பு இருந்தால், பாகம் பேசுவதை நிறுத்திவிட்டு வழக்கறிஞரைப் பாருங்கள்.

இனி, பெரும்பாலோர் விட்டுவிடும் விஷயத்துக்கு வருகிறேன். பாகப்பத்திரத்தின் சொத்து விவரத்தில் சர்வே எண், பரப்பு, நான்கெல்லை எழுதியதோடு முடித்துவிடுகிறார்கள். குளத்துப் பாசன நன்செய்க்கு அது பாதி விவரம்தான். எந்த மடையிலிருந்து தண்ணீர் வருகிறது, எந்த வாய்க்கால், யார் வயலைத் தாண்டி வருகிறது, முறை எத்தனை நாளுக்கு ஒரு தடவை, தண்ணீர் குறைந்த ஆண்டில் முறை எப்படி மாறும் என்பதெல்லாம் ஊரில் நீர்பாய்ச்சுபவருக்கும் வயதான சம்சாரிகளுக்கும் தெரியும். எந்த அரசுப் பதிவேட்டிலும் முழுமையாக இருக்காது. பொதுக் கிணற்றில் பங்கு இருந்தால் அந்த முறைநாளும் இப்படித்தான். இப்போது ஒரே நிலமாக இருப்பதால் மேல்வயல் வழியாகக் கீழ்வயலுக்குத் தண்ணீர் பாய்கிறது, மாடும் வண்டியும் போகின்றன. நாளை மேல்வயல் சின்னத் தாத்தா வழியிலும் கீழ்வயல் உங்கள் வழியிலும் வந்து, அவர்களில் ஒருவர் வெளியாருக்கு விற்றுவிட்டால், புதியவர் வேலி போட்டதும் உங்கள் வயல் காய்ந்துவிடும். 1882ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டப்படி 20 ஆண்டுகள் தடையின்றி அனுபவித்த வழிக்கும் நீருக்கும் உரிமை கோரலாம். ஆனால் அதை நீதிமன்றத்தில் சாட்சி வைத்து நிரூபிக்க ஆண்டுகள் பல ஆகும். இன்று பத்திரத்தில் நான்கு வரி எழுதிவிட்டால் அந்த வழக்கே வராது.

ஆகவே ஒரு முறை ஊருக்குப் போய், பெரியவர்களோடு வரப்பில் நடந்து, எல்லாவற்றையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். வயல்களின் பெயர்களையும் கேளுங்கள். புளியடி வயல், கோணவயல் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் இருக்கும். அவற்றைச் சொத்து விவரத்தில் சர்வே எண்ணுக்கு அருகில் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். பழைய பத்திரங்கள் எல்லைகளை இந்தப் பெயர்களால்தான் சொல்கின்றன. பெயர் மறந்துபோனால் அந்தப் பத்திரங்களை நிலத்தோடு பொருத்திப் பார்ப்பது பெரும்பாடாகிவிடும். எந்த வயலில் எந்த நெல் போட்டார்கள், எங்கே உவர், எங்கே தண்ணீர் தங்கும் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். சென்னையிலிருந்து நிலத்தை வைத்திருக்கப் போகும் உங்களுக்கு மண்ணைப் பற்றிய இந்த அறிவு பட்டாவைவிடக் குறைந்த சொத்து அல்ல.

அந்த அறிவில் பெரும்பகுதி, இரண்டு தலைமுறையாக உழுகிற குடும்பத்திடம்தான் இருக்கிறது. அவர்களுக்குச் சட்டப் பாதுகாப்பும் உண்டு. தமிழ்நாடு சாகுபடி குத்தகையாளர் பாதுகாப்புச் சட்டம் 1955இலிருந்து இருக்கிறது. தம் உழைப்பைப் போட்டுப் பயிரிடும் குத்தகையாளரையும், அதே போல உழைக்கும் அவருடைய வாரிசையும், சட்டம் சொல்லும் காரணங்கள் இல்லாமல் வெளியேற்ற முடியாது. குத்தகை உரிமைகளைப் பதிவு செய்யும் சட்டம் ஒன்றும் 1969இல் வந்தது. அந்தப் பதிவேட்டில் அவர்கள் பெயர் இருக்கிறதா என்று வட்டாட்சியர் அலுவலகத்தில் கேளுங்கள். "எழுத்தில் வந்தால் நிலம் போய்விடும்" என்று உறவினர்கள் பயமுறுத்துவார்கள். அதைக் கேட்டு வாரத்தை ரசீது இல்லாமல் வாங்காதீர்கள். குத்தகையாளராக இருப்பவர், அந்த நிலையில் இருக்கும்வரை, காலம் கடந்துவிட்டது என்று சொல்லி உரிமையாளர் ஆகிவிட முடியாது. வார ஒப்பந்தமும் ரசீதும் அவர் குத்தகையாளர்தான் என்பதற்கான உங்கள் சான்று. அவருக்கும் அதுவே பாதுகாப்பு. வரப்பில் நடக்கும் நாளில் அவரைக் கட்டாயம் கூட வைத்துக்கொள்ளுங்கள், பாகம் பேசும்போதும் அவரிடம் சொல்லாமல் பேசாதீர்கள்.

தகரப் பெட்டிக்கு வருவோம். கிஸ்தி (நிலவரி) ரசீதுகளில் பசலி ஆண்டு, அதாவது ஜூலையில் தொடங்கும் வருவாய்த் துறையின் கணக்கு ஆண்டு, இருக்கும். அதோடு 590ஐக் கூட்டினால் அந்த ஆண்டு தொடங்கிய ஆங்கில ஆண்டு கிடைக்கும். பசலி 1360 என்பது 1950 ஜூலையில் தொடங்கி 1951 ஜூனில் முடிந்தது. தொடர்ச்சியான கிஸ்தி ரசீதுகள் அனுபோகத்துக்கு நல்ல சான்று. பரப்பு விதைப்பாட்டுக் கணக்கில், அதாவது விதைக்கத் தேவையான நெல்லின் அளவால், கோட்டை, மரக்கால் என்று எழுதப்பட்டிருந்தால் பதற வேண்டாம், நான்கெல்லையை வைத்து அடையாளம் காணலாம். இந்த அளவு ஊருக்கு ஊர் மாறுவதால், இணையத்தில் யாரோ தரும் வாய்ப்பாட்டைப் போட்டு ஏக்கராக மாற்றாதீர்கள். சிவகிரி, ஊற்றுமலை போன்ற ஜமீன்களுக்குள் இருந்த கிராமமாக இருந்தால், 1948 ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்குப் பின் நடந்த செட்டில்மென்ட் பதிவேட்டின் நகலையும் கேட்டு வாங்குங்கள். காகிதங்களுக்குப் பிளாஸ்டிக் உறை ஒட்டிவிடாதீர்கள், மடிப்பைப் பசை நாடாவால் ஒட்டவும் வேண்டாம். விரித்து, படம் எடுத்து, அமிலமில்லாத உறையில் தட்டையாக வையுங்கள். படங்களின் பிரதியைச் சித்தப்பாவுக்கும் அத்தைகளுக்கும் கொடுங்கள்.

பத்திரம் பதிவானதும் உட்பிரிவோடு கூடிய பட்டா மாற்றத்துக்கு விண்ணப்பியுங்கள். நில அளவர் வரும் நாளில் இரு வழியினரும் நேரில் இருந்து கல் நடுவதைப் பாருங்கள். உத்தரவில் குறை இருந்தால் 1983 பட்டா பாஸ்புத்தகச் சட்டப்படி கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம். உரிமையிலேயே தகராறு என்றால் உரிமையியல் நீதிமன்றம்தான். கிணற்று மோட்டாரின் இலவச மின் இணைப்பு தாத்தா பெயரில் இருந்தால் அதையும் தனியாக மாற்ற வேண்டும். பட்டா மாறினால் அது தானாக மாறாது. விண்ணப்பம் நகராமல் கிடந்தால், ஆண்டுதோறும் கோடையில் வட்டத்தில் நடக்கும் ஜமாபந்திக்கு (கிராம வருவாய்க் கணக்குத் தணிக்கைக்கு) உங்கள் கிராமத்துக்குக் குறித்த நாளில் நேரில் போங்கள். கிராமக் கணக்குகள் அன்று தணிக்கை அதிகாரியின் முன் இருக்கும். மனுவோடு பதிவான பாகப்பத்திரத்தின் நகலையும் விண்ணப்ப எண்ணையும் எடுத்துச் செல்லுங்கள்.