பெட்டை நாய்க்குப் பருவம் வந்திருக்கும்போது நடக்கக் கூட்டிப் போகலாமா?

போகலாம், கயிறு உங்கள் கையில் இருக்கும்வரை. எட்டு மாதக் குட்டி, முதல் பருவம் என்கிறீர்கள். அவளே இன்னும் வளர்ந்து முடியவில்லை, அதனால் கூடுதல் கவனம் வேண்டும்.

கடற்கரையோரக் கல்லடியில் இருக்கிறோம். எங்கள் பெட்டை நாய் ஜூலி விஷயத்தில் நான் விட்ட பிழையைச் சொல்கிறேன். இரத்தம் பட்ட முதல் பத்து நாளும் கயிற்றை விடவே இல்லை. கடுவன்கள் கிட்ட வந்தால் அவளே உறுமித் துரத்துவாள். பன்னிரண்டாம் நாள் இரத்தம் வெளிறி, வைக்கோல் நிறத்துக்கு வந்துவிட்டது. சரி, முடிந்தது என்று கடற்கரையில் கயிற்றைக் கழற்றினேன். உண்மையில் இரத்தம் குறையும் அந்த நாட்களில்தான் பெட்டை கடுவனுக்கு இடம் கொடுக்கும். கரைவலை இழுக்கிற இடத்தில் மீனுக்காக நின்ற கட்டாக்காலி ஒன்றோடு சேர்ந்துவிட்டாள். பிணைந்த பிறகு இழுத்துப் பிரிக்கக்கூடாது, இரண்டுக்கும் காயம் வரும். கால் மணி நேரத்துக்கு மேல் பக்கத்திலேயே நின்றேன். ஒன்பது வாரத்தில் ஆறு குட்டிகள். ஐந்துக்கு வீடு தேடிக் கொடுக்க நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. ஒன்று எங்களோடே இருக்கிறது.

ஆகவே முதல் இரத்தம் கண்ட நாளைக் கலண்டரில் குறியுங்கள். சாதாரணமாக மூன்று வாரம். நீங்கள் நான்கு வாரம் காத்திருங்கள். விடிய ஐந்து மணிக்கு, தெரு ஓய்ந்திருக்கும்போது, கால் மணி நேரம் போதும். மீன் சந்தைப் பக்கமும் தோணிகள் கரையேறும் இடமும் வேண்டாம். முடிந்தால் ஆட்டோவில் கொஞ்சத் தூரம் கொண்டுபோய் நடத்துங்கள். அப்படிச் செய்தால் அவள் சிறுநீர் வாசம் பிடித்துக் கடுவன்கள் உங்கள் படலை வரை வருவது குறையும். டயப்பர் இரத்தத்தை மட்டும்தான் தாங்கும், சேர்க்கையைத் தடுக்காது.

மிச்ச ஓட்டத்தை வளவுக்குள் வைத்துக்கொள்ளுங்கள், வேலியில் ஓட்டை இல்லையென்று பார்த்த பிறகு. ஜூலிக்கு அவித்த மீன் துண்டுகளைப் பொச்சுமட்டைகளுக்குள் ஒளித்து வைப்பேன். அரை மணி நேரம் மோந்து தேடிவிட்டுக் களைத்துப் படுத்துவிடுவாள். சில நாள் நடக்கவே மனமில்லாமல் இருப்பாள், அப்போது வற்புறுத்த வேண்டாம்.

விசர்நாய்த் தடுப்பூசி போட்டாயிற்றா என்றும் பாருங்கள், இந்தக் காலத்தில் சண்டையும் கடியும் அதிகம். பருவம் முடிந்து ஒன்றிரண்டு மாதத்தில் அளவுக்கு மீறித் தண்ணீர் குடித்தாலோ, சாப்பாட்டை ஒதுக்கினாலோ, சீழ் வடிந்தாலோ அன்றைக்கே மிருக வைத்தியரிடம் போங்கள். கர்ப்பப்பையில் சீழ் பிடிப்பது உயிரைக் கொண்டுபோகும். கருத்தடை செய்வதானால் பெரும்பாலும் பருவம் முடிந்து இரண்டு மூன்று மாதம் பொறுக்கச் சொல்வார்கள். தேதியை இப்போதே கேட்டு வையுங்கள்.