நத்தை மேல் யார் அடி விழும்?

கேள்வி: எட்டாம் வகுப்புக்குக் குடிமையியல் எடுக்கிறேன். அடிப்படை உரிமைகள் என்றாலே பிள்ளைகள் கொட்டாவி விடுகிறார்கள். அரசியல் கார்ட்டூன்களைக் காட்டி நடத்த ஆசை. வம்பு வருமோ என்று பயமாகவும் இருக்கிறது. (ஓர் ஆசிரியை, திண்டுக்கல்)

பதில்: தாராளமாக நடத்துங்கள், டீச்சர். இன்றைய தலைவர்களின் படத்தில் மட்டும் தொடங்காதீர்கள். வீட்டிலிருக்கும் கரை வேட்டி அப்படியே வகுப்புக்குள் வந்துவிடும். படத்தைக் காட்டியதும் விளக்கத்தில் இறங்கவும் வேண்டாம். பதினொன்றாம் வகுப்பில் நான் முதல் பத்து நிமிடம், கண்ணில் படுவதை மட்டும் எழுதச் சொல்வேன்.

கார்ட்டூனிஸ்ட் சங்கர் 1949இல் வரைந்த படம் ஒன்று. சட்டம் எழுதி முடிக்கத் தாமதமாகிறது என்ற கிண்டல் அது. அரசியலமைப்புச் சட்டம் ஒரு நத்தை. அதன் மேல் அம்பேத்கர், கையில் சாட்டை. பின்னால் நேரு, அவர் கையிலும் சாட்டை. வேடிக்கை பார்க்க ஒரு கூட்டம். ஒரு முறை வகுப்பே சிரித்தபோது ஒரு மாணவி மட்டும் சிரிக்கவில்லை. "நேருவோட சாட்டை நத்தை மேல விழுமா, அம்பேத்கர் மேல விழுமா சார்?" என்றாள். சிரிப்பு நின்றுபோனது. என்னிடம் உடனே பதில் இல்லை. அம்பேத்கரை அவமதிக்கும் படம் என்று 2012 மே மாதம் நாடாளுமன்றத்தில் வெடித்ததும் இந்த வலிதான். மத்திய அரசின் பாடநூல் அமைப்பான என்.சி.இ.ஆர்.டி.யின் பாடநூலில் இருந்த அந்தப் படத்தை நீக்குவதாக அரசு அறிவித்தது. பாடநூலின் ஆலோசகர்கள் இருவர் விலகினார்கள்.

அந்த மாணவி கேட்டதற்கு மறுநாள் வகுப்புக்கு, அம்பேத்கர் அரசியல் நிர்ணய சபையில் 1949 நவம்பர் 25 அன்று பேசிய பேச்சைக் கொண்டுபோனேன். தாமதம் என்ற குற்றச்சாட்டுக்கு அவரே கணக்குச் சொல்கிறார்: நம் சட்டத்தில் 395 பிரிவுகள், அமெரிக்கச் சட்டத்தில் 7தான், சபை 2,473 திருத்தங்களை எடுத்துப் பேச வேண்டியிருந்தது. அதை அந்த மாணவியையே சத்தமாகப் படிக்கச் சொன்னேன். "அப்போ சங்கர் வரைஞ்சது தப்பா?" என்று ஒருவன் கேட்க, மணி அடிக்கும்வரை வாக்குவாதம். அரசியலமைப்புச் சட்டத்தில் கருத்துரிமை தரும் பிரிவு 19(1)(அ), அதற்கு வரம்பு கட்டும் 19(2) இரண்டையும் அன்று நான் மனப்பாடம் செய்யச் சொல்லவே இல்லை. அவர்களே புத்தகத்தைப் புரட்டித் தேடினார்கள்.

பயந்து படத்தை ஒளிக்காதீர்கள். புண்பட்ட பிள்ளை பேசவும் நேரம் விடுங்கள்.

கேள்வி: கார்ட்டூனுக்காகத் தமிழ்நாட்டில் யாராவது சிறைக்குப் போயிருக்கிறார்களா? (பிளஸ் ஒன் மாணவர், கரூர்)

பதில்: போயிருக்கிறார், தம்பி. 1987இல் ஆனந்த விகடன் அட்டையில் எம்.எல்.ஏ.க்களையும் மந்திரிகளையும் பற்றி ஒரு நகைச்சுவைப் படம் வந்தது. சட்டமன்றத்தின் உரிமையை மீறியதாகச் சொல்லி, இதழாசிரியர் எஸ். பாலசுப்ரமணியனுக்குச் சட்டமன்றம் மூன்று மாதக் கடுங்காவல் விதித்தது. அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. எதிர்ப்பு கிளம்பியதால் சில நாட்களில் வெளியே வந்தார். அதோடு விடாமல் சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்கு நடத்தி 1,000 ரூபாய் இழப்பீடு பெற்றார். சட்டமன்றத்தின் அந்தச் சிறப்புரிமை அரசியலமைப்புச் சட்டத்தின் 194(3)இல் இருக்கிறது. அதையும் 19(1)(அ)வையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படி. எது பெரிது என்று நீ நினைப்பதை எனக்கு எழுது.