ஒரு வருஷ காத்து டேட்டாவ ஒரே படத்துல சொல்றது எப்படி?

கேள்வி: நாங்க சில பேர் சேந்து ஒரு சென்சார் மாட்டி, ஒரு வருஷமா பிஎம் 2.5, அதாவது காத்துல மிதக்கற நுண்துகள், எவ்வளவுன்னு அளந்துட்டு வர்றோம். எக்செல்ல கிராஃப் போட்டு இன்ஸ்டால போட்டா யாரும் நின்னு பாக்கறதில்ல, பாக்கறவங்களும் "இதுக்கு என்ன அர்த்தம்"னுதான் கேக்கறாங்க. எங்க தப்பு பண்றோம்? ரீல்ஸா போட்டா எடுபடுமா?

பதில்: நீங்க அனுப்பின கிராஃப பாத்தேன். மணிக்கு ஒரு ரீடிங்னா வருஷத்துக்கு 8,760 புள்ளி, அத்தனையையும் ஒரே கோட்டுல இழுத்து விட்டிருக்கீங்க, பத்தாததுக்கு வெப்பநிலையும் ஈரப்பதமும் வேற அதே படத்துல. போன்ல சரசரன்னு தள்ளிட்டு போறவங்களுக்கு அது வெறும் கிறுக்கல்தான்.

படத்துல கை வைக்கறதுக்கு முன்னாடி, என்ன சொல்லப் போறீங்கன்னு ஒரு வரில எழுதிப் பாருங்க. உங்க விஷயத்துல அந்த வரி கையிலயே இருக்கு. உலக சுகாதார நிறுவனம் 2021ல சொன்ன அளவுப்படி, பிஎம் 2.5ஓட 24 மணி நேர சராசரி ஒரு கனமீட்டருக்கு 15 மைக்ரோகிராம தாண்டக்கூடாது, தாண்டினாலும் வருஷத்துக்கு 3, 4 நாள்தான் இருக்கணும். அப்போ மணிக்கணக்க விடுங்க, நாள் சராசரி எடுங்க, எத்தன நாள் 15க்கு மேல போயிருக்குன்னு எண்ணுங்க, அந்த எண்ணிக்கைதான் உங்க தலைப்பு. "பிஎம் 2.5 அளவுகள்"னு தலைப்பு வச்சா யாரு படிப்பா? நடுவுல 30 நாள் சென்சார் ஓடலன்னா "365 நாள்ல"ன்னு போடாதீங்க, "அளந்த 335 நாள்ல"ன்னு போடுங்க.

இப்ப படம். மாசத்துக்கு ஒரு வரிசை, நாளுக்கு ஒரு கட்டம், காலண்டர் மாதிரி. 15க்கு கீழ இருந்தா வெளிர் நிறம், மேல போகப் போக அதே நிறம் அடர்த்தியாகட்டும், அளக்காத நாள காலியா விடுங்க. எந்த மாசம் மோசம்னு பாத்த உடனே தெரியும்.

கலர்லதான் நெறைய பேர் சொதப்பறாங்க. வானவில் கலர் அடிச்சா கண்ணு நேரா மஞ்சளுக்குத்தான் போகும், ஆனா மஞ்சள் இருக்கறது நடு அளவுல, அதனால முக்கியமே இல்லாத நாள்தான் பளிச்சுனு தெரியும். கிராஃப் போடற மேட்பிளாட்லிப் மென்பொருள் கூட 2017ல வந்த 2.0 வெர்ஷன்ல ஜெட்ங்கற வானவில் கலர தூக்கிட்டு, வெளிச்சம் சீரா ஏறற விரிடிஸ டீஃபால்ட்டா வச்சுது. பச்சை-சிவப்பு ஜோடியும் வேண்டாம், அத பிரிச்சு பாக்க முடியாத ஆண்கள் நெறைய பேர் இருக்காங்க. ஏக்யூஐ, அதாவது காத்துத் தரக் குறியீட்டோட கலர அப்படியே எடுத்து போடறதுலயும் ஒரு சிக்கல் இருக்கு, ஒவ்வொரு நாட்டுக்கும் ஒவ்வொரு அளவுகோல். நாள் சராசரி 25 மைக்ரோகிராம்னா இந்திய ஏக்யூஐல அது பச்சை, "நல்லது", அதே 25 அமெரிக்க ஏக்யூஐல மஞ்சள். பாக்கறவங்க எத நம்புவாங்க? மைக்ரோகிராமாவே காட்டுங்க.

பருவநிலை விஞ்ஞானி எட் ஹாக்கின்ஸ் 2018ல கொண்டு வந்த அந்த நீல-சிவப்பு வெப்பக் கோடுகள் (வருஷத்துக்கு ஒரு கோடு, குளிர்ந்த வருஷம் நீலம், சூடான வருஷம் சிவப்பு) மாதிரி செய்யலாமான்னு தோணும். அதுல எண்ணே இல்லாமலும் புரியுதுன்னா, நூறு வருஷத்துக்கு மேல இருக்கற டேட்டா, சொல்றதும் ஒரே விஷயம், சூடு ஏறுது. ஒரு வருஷ டேட்டால அப்படி பண்ணா பருவம் மாறறதே டிரெண்ட் மாதிரி தெரியும். "காத்து மோசமாகிட்டே போகுது"ன்னு சொல்ல உங்ககிட்ட இன்னும் டேட்டா இல்லங்க, இப்போதைக்கு அந்தப் பக்கம் போகாதீங்க.

கிராஃபோட அச்சு (ஆக்சிஸ்) பத்தி சுருக்கமா: பார் சார்ட்னா பூஜ்யத்துல இருந்துதான் ஆரம்பிக்கணும், கோட்டு கிராஃபுக்கு அப்படி கட்டாயம் இல்ல, அச்ச தேவையில்லாம நீட்டினா மாற்றமே தெரியாம போயிடும். 2015 டிசம்பர்ல அமெரிக்காவோட நேஷனல் ரிவ்யூ பத்திரிகை உலக சராசரி வெப்பநிலைய மைனஸ் 10ல இருந்து 110 ஃபாரன்ஹீட் வரைக்கும் அச்சு போட்டு ட்வீட் பண்ணுச்சு, கோடு தட்டையா கெடந்துச்சு, எண்ணு எதுவும் பொய் இல்ல, படம் மட்டும்தான் ஏமாத்துச்சு.

கேப்ஷன்ல எல்லாம் எழுதிட்டோம்னு நிம்மதியா இருக்காதீங்க. யாராவது ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வாட்ஸ்அப்ல தட்டி விட்டா கேப்ஷன் காணாம போயிடும், படம் மட்டும்தான் சுத்தும். அதனால யூனிட், தேதி, எந்த இடம், யார் அளந்தது, 15ங்கற வரம்பு யாரோடது, எல்லாம் படத்துக்குள்ளயே இருக்கணும். விலை கம்மியான சென்சார் ஒளிச்சிதறல வச்சு அளக்குது, ஈரப்பதம் ரொம்ப ஏறினா துகள் ஊதி ரீடிங் கூடுதலா காட்டும், அதுக்கு கரெக்ஷன் போட்டீங்களா இல்லையான்னும் ஓரமா ஒரு வரி. 1080க்கு 1350 பிக்சல்ல செஞ்சு, போஸ்ட் போடறதுக்கு முன்னாடி உங்க போன்ல கை நீட்டி வச்சு பாருங்க, எழுத்து படிக்க முடியலன்னா பெருசாக்குங்க. ஆல்ட் டெக்ஸ்ட்ல (பார்வை இல்லாதவங்களுக்கு படத்த விவரிக்கற வரி) "கிராஃப்"னு மட்டும் போடாம, அந்த தலைப்பு வரியவே எழுதுங்க.

ரீல்ஸ் கேட்டீங்க. போடலாம், உலக வெப்பநிலை ஏறறத சுருளா காட்டின ஹாக்கின்ஸோட 2016 வெப்பச் சுருள் அனிமேஷன் ரியோ ஒலிம்பிக் தொடக்க விழா வரைக்கும் போச்சு. ஆனா உங்களுக்கு முதல்ல அந்த ஒரு படம் சரியா வரட்டும், அப்பறம் அதே கட்டங்கள் நாள் நாளா நிரம்பற மாதிரி செய்யுங்க, மூலைல வரம்ப தாண்டின நாள் கணக்கு ஏறிட்டே வரட்டும், முழுசா நிரம்பின கடைசி ஃப்ரேம மட்டும் 3, 4 செகண்ட் அசையாம நிறுத்தி வைங்க, இல்லன்னா வீடியோ திரும்ப ஓட ஆரம்பிச்சு அந்த எண்ண யாரும் படிக்கவே முடியாது.