சமூகப் பொறுப்பு நிதி இருந்தும் ஆறுகள் ஏன் தூய்மையடையவில்லை?

நிறுவனங்கள் சமூகப் பொறுப்புக்கென ஆண்டுதோறும் செலவிட்டும் ஆறுகள் ஏன் தூய்மையடையவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். இந்தியாவின் 2013ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 135ஆம் பிரிவுப்படி, நிகர லாபம் 5 கோடி ரூபாய் என்பது போன்ற வரம்புகளில் ஏதேனும் ஒன்றை எட்டிய நிறுவனம், முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தை இதற்குச் செலவிட வேண்டும்; ஆனால் வழக்கமான தொழிலின் பகுதியாகச் செய்யும் பணி இக்கணக்கில் சேராது. ஆகவே மரக்கன்று நட்டதைக் கணக்குக் காட்டலாமே தவிர, சொந்த ஆலைக் கழிவைச் சுத்திகரிப்பதைக் காட்ட முடியாது. அதுவும் முறைதான், கழிவை அகற்றுவது கொடையன்று, கடமை.

அக்கடமையை நிறைவேற்ற வைப்பதில்தான் தாமதம். திருப்பூரின் சாயக்கழிவு நொய்யல் ஆற்றில் கலந்து, பாசனத்துக்காகக் கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணையே கழிவுநீர்த் தேக்கமாக மாறியது. விவசாயிகளின் நீண்ட சட்டப் போராட்டத்துக்குப் பின், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்ட பிறகே, கழிவுநீரை ஒரு சொட்டுகூட வெளியேற்றாத சுத்திகரிப்பு முறை அங்கே தீவிரம் பெற்றது. சவ்வூடு வடிகட்டி நீரை மீட்டு, எஞ்சிய உவர்நீரை ஆவியாக்க வேண்டியிருப்பதால் மின்சாரமும் எரிபொருளும் மிகுதியாகச் செலவாகின்றன. ஆவியாக்கிய பின் மிஞ்சும் கலப்பு உப்பு வேறு குவிகிறது. மலிவான பனியனை எதிர்பார்க்கும் கொள்முதலாளர்கள் இச்செலவை விலையில் ஏற்கத் தயங்குவதே, என் பார்வையில், முன்னேற்றம் ஊர்ந்து செல்வதற்கு முதன்மைக் காரணம்.