சந்தையில் வாங்கிய சேவலுக்குச் சீக்கு: பணம் திரும்புமா?

கேள்வி: காங்கேயம் பக்கம் தோட்டத்துச் சாளையில் குடியிருக்கிறோம். சந்தையில் 1,800 ரூபாய்க்கு ஒரு பெருவிடைச் சேவல் வாங்கி, ஏற்கெனவே இருந்த பதினொரு கோழிகளோடு விட்டேன். ஐந்தாம் நாள் இறக்கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு தூங்க ஆரம்பித்தது. எச்சம் பச்சையும் வெள்ளையுமாகப் போகிறது. மருந்துக் கடையில் சொன்னதும் ஓர் ஆன்டிபயாட்டிக் பாட்டிலை எடுத்துக் கொடுத்தார்கள். 260 ரூபாய், பில் இல்லை. மூன்று நாள் கொடுத்தும் தேறவில்லை. விற்றவரிடமும் கடையிலும் பணத்தைத் திரும்பக் கேட்கலாமா?

பதில்: பணத்தை அப்புறம் பார்க்கலாமுங்க, முதலில் மிச்சப் பதினொன்றைக் காப்பாற்றுங்கள். சேவலைத் தனிக் கொடாப்பில் (கோழி அடைக்கும் கூடையில்) போட்டு, மற்றவை மேயாத இடத்தில், காற்றடிக்காமல் வையுங்கள். தண்ணீர்ச் சட்டியும் தனியாக இருக்கட்டும். நல்ல கோழிகளுக்குத் தீனி போட்டு முடித்த பிறகே சேவலிடம் போங்கள். ராகிக் கூழைத் தண்ணியாகக் கரைத்து முன்னால் வைத்தால் போதும். வாயைப் பிளந்து ஊற்றினால் மூச்சுக்குழாயில் இறங்கிவிடும்.

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் வெள்ளைக்கழிச்சல் நோயோ என்று தோன்றுகிறது. கழுத்து திருகினால் சந்தேகம் இன்னும் வலுக்கும். ஆனால் பட்டினி கிடக்கும் எந்தக் கோழிக்கும் எச்சம் பச்சையாகப் போகும் என்பதால், கால்நடை மருத்துவர் பார்க்காமல் முடிவு கட்டக் கூடாது. கால்நடை உதவி எண் 1962க்குக் கூப்பிட்டு விவரம் கேளுங்கள். வெள்ளைக்கழிச்சல் வைரஸால் வருவது. ஆன்டிபயாட்டிக் அதைக் குணப்படுத்தாது. மற்ற கோழிகளுக்கும் அந்த மருந்தைக் கொடுத்திருந்தால், மருந்தை நிறுத்திய பிறகு எத்தனை நாள் என்று பாட்டிலில் போட்டிருக்கும் கணக்கு முடியும்வரை முட்டையைச் சாப்பிட வேண்டாம்.

இனி பணம். சந்தைக்காரரிடம் வாங்குவது கஷ்டம். வெள்ளைக்கழிச்சல் கிருமி உள்ளே போய் 2 முதல் 15 நாளுக்குள் வெளியே தெரியும். ஐந்தாம் நாள் என்றால் சந்தையிலும் தொற்றியிருக்கலாம், உங்கள் வாசலிலும் தொற்றியிருக்கலாம். 'என்னிடம் இருந்தவரை நல்லாத்தான் கூவிச்சு' என்று அவர் சொன்னால் நம்மிடம் பதில் இல்லை. சேவல் இறந்துவிட்டால் வீசிவிடாமல், பனிக்கட்டியில் வைத்து அன்றைக்கே நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கோ மாவட்டக் கால்நடை நோய் புலனாய்வுப் பிரிவுக்கோ கொண்டுபோங்கள். பிரேதப் பரிசோதனை அறிக்கை வழக்குக்கு உதவுமோ என்னவோ, மிச்சக் கோழிகளுக்கு உதவும். தேறாது என்று தெரிந்ததும் அறுத்துக் குழம்பு வைப்பதும், அடுத்த சந்தையில் தள்ளிவிடுவதும் நம் பக்கம் நடப்பதுதான். உங்களுக்கு வந்த சேவலே அப்படி வந்ததாக இருக்கலாம்.

மருந்துக் கடை விஷயம் வேறு. மருத்துவர் சீட்டு இல்லாமல் ஆன்டிபயாட்டிக் விற்றதே தவறு. பில் தராததையும் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நேர்மையற்ற வணிக நடைமுறை என்கிறது. நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் சொல்லலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இரண்டு வருடம் அவகாசம் உண்டு, 5 லட்சம் ரூபாய் வரை கட்டணமும் கிடையாது. 260 ரூபாய்க்காக ஆணையத்துக்கு நடக்கச் சொல்ல மாட்டேன். ஜிபேயில் கட்டியிருந்தால் அதைக் காட்டி பில் கேளுங்கள். பெரும்பாலும் அங்கேயே பேச்சு முடிந்துவிடும்.

கேள்வி: வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசியை நானே வாங்கிப் போடலாமா? நூறு கோழிக்கான பாட்டில்தான் இருக்கிறது என்கிறார்கள்.

பதில்: பத்துப் பதினொரு கோழிக்கு அது வீண். அரசு கால்நடை மருந்தகங்களில் சனிக்கிழமைகளில் இலவசமாகப் போடுகிறார்கள். பிப்ரவரியில் இருவார முகாமும் நடக்கும். குஞ்சுக்கு ஏழாம் நாள் கண்ணில் அல்லது மூக்கில் சொட்டு, எட்டு வாரத்தில் ஊசி. வாங்கித்தான் ஆக வேண்டுமென்றால் ஐஸ் போட்ட பிளாஸ்க்கில் எடுத்து வாருங்கள். கலக்கிய மருந்தை இரண்டு மணி நேரத்துக்குமேல் வைக்க முடியாது என்பதால், அக்கம்பக்கத்துச் சாளைக்காரர்களை முதல் நாளே சொல்லி வைத்து, கோழிகளைக் கொடாப்பில் அடைத்து வைத்திருக்கச் சொல்லுங்கள். சீக்குக் கோழிக்குத் தடுப்பூசி போடாதீர்கள். புதிதாக வாங்கும் சேவலை மூன்று வாரம் தனியாக வைத்துப் பார்த்த பிறகே மற்ற கோழிகளோடு விடுங்கள்.